உதை குறைந்த கௌபாய் தோட்டாக்கள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

1873-இல் கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு வந்த .45 கோல்ட் தோட்டாவின் பித்தளைக் கூடு, 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) கருமருந்தை வாய்வரை அடைப்பதற்காகச் செய்யப்பட்டது. இன்று அதே கூட்டில் வேகமாக எரியும் புகையற்ற பவுடரைப் போட்டால் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. பழைய மேற்கத்திய பாணித் துப்பாக்கிகளால் சுடும் அமெரிக்கக் கௌபாய் போட்டிகளுக்காக மெல்லிய உதையுள்ள தோட்டா தயாரிப்பவர்களுக்கு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தக் காலியிடத்தில்தான் பிறக்கின்றன.

உதை குறைய வேண்டுமானால் பவுடரைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்பதுதான் முதல் தப்புக்கணக்கு. அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் கூடு விரிந்து அறைச் சுவரை அடைக்காது, பவுடர் முழுதாக எரியாது, குண்டு குழலிலேயே நின்றும் போகலாம். ஆகவே கீழே வரும் பல அறிகுறிகளுக்கு மருந்து, இன்னும் குறைப்பது அல்ல, கொஞ்சம் கூட்டுவது.

எல்லையும் தெரிந்திருக்கட்டும். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் (எஸ்ஏஎஸ்எஸ்) விதிப்படி ரிவால்வர் தோட்டா வினாடிக்கு 1000 அடியைத் தாண்டக் கூடாது, ரைபிளில் 1400 அடி. கீழ் எல்லை வினாடிக்கு 400 அடி. அதோடு பவர் ஃபாக்டர் 60-க்குக் குறையக் கூடாது. குண்டின் கிரெய்ன் எடையை வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபாக்டர். 105 கிரெய்ன் குண்டுக்கு 572 அடி வேகம் வேண்டும், 125 கிரெய்னுக்கு 480. 158 கிரெய்னுக்குக் கணக்குப்படி 380 போதும், ஆனால் 400 என்ற தரை அங்கே முந்திக்கொள்ளும். எல்லையை ஒட்டியே தயாரிப்பது புத்திசாலித்தனம் இல்லை. குளிர்காலக் காலையில் வேகம் சரிந்து, மேசையில் தேறிய தோட்டா மைதானத்தில் தோற்கும்.

இங்கே எந்தப் பவுடருக்கும் கிரெய்ன் அளவு தரவில்லை. பவுடர் நிறுவனம் வெளியிடும் நடப்பு அட்டவணையில், உங்கள் தோட்டாவுக்கும் உங்கள் குண்டின் எடைக்கும் நேராக உள்ள தொடக்க அளவுதான் அளவு. அட்டவணையின் தொடக்க அளவுக்குக் கீழே போவதும் உச்ச அளவைத் தாண்டுவதும் ஒரே தரத்துத் தவறு. இன்னொன்று: அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்புவது வழக்கமான பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

"டப்" என்று சத்தம், உதையே இல்லை

உடனே நிறுத்துங்கள். சுத்தியலை மறுபடி இழுக்கவே கூடாது. மந்தமான சத்தம், உதை இல்லாமை, இலக்கில் அடி கேட்காமை, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் புகை கசிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். அடுத்த தோட்டா அதன் மேல் மோதினால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். கௌபாய் போட்டியில் இந்த ஆபத்து சாதாரண மைதானத்தைவிட அதிகம். வேகமாகச் சுடுகிறீர்கள், பக்கத்தில் சத்தம், காதில் அடைப்பான். தோட்டாவும் இயல்பிலேயே மெல்லியது. மெல்லிய உதைக்கும் இல்லாத உதைக்கும் உள்ள வித்தியாசம் கையில் உறைக்காமல் போகலாம். உதையை மிகக் குறைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

அரை நிமிடம் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்திருங்கள், பிறகு துப்பாக்கியை முழுக்கக் காலி செய்யுங்கள். குண்டு குழலுக்கும் சிலிண்டருக்கும் குறுக்கே நின்றிருந்தால் சிலிண்டர் சுற்றாது. அப்போது மற்ற அறைகளில் உயிருள்ள தோட்டா இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அந்த நிலையில் தட்டுவது கைதேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. துப்பாக்கி காலியானது உறுதியான பிறகு, குழலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, குழல் விட்டத்துக்கு நெருக்கமான பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கலாம். மெல்லிய கம்பி ஈயக் குண்டின் நடுவில் துளை போட்டு அதை இன்னும் விரித்து இறுக்கிவிடும். எஃகுக் கம்பி குழலின் வரிகளைக் கெடுக்கும். இன்னொரு தோட்டாவால் சுட்டுத் தள்ளிவிடலாம் என்பவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

காரணம் எங்கே? குண்டை எடுத்ததும் கூட்டைப் பாருங்கள். உள்ளே பளபளப்பாக, ப்ரைமர் (கூட்டின் அடியிலிருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) விட்ட கரி மட்டும் இருந்தால் பவுடர் விழவே இல்லை. எரியாத பவுடர் கட்டியாக மஞ்சளித்துக் கிடந்தால் பவுடர் இருந்தும் பற்றவில்லை: எண்ணெய் பட்டிருக்கலாம், கிரிம்ப், அதாவது குண்டைப் பிடிக்கக் கூட்டு வாயை உள்நோக்கி மடிப்பது, தளர்ந்திருக்கலாம். பவுடர் விழாததற்கு வழக்கமான காரணம் பவுடரை அளந்து ஊற்றும் பவுடர் மெஷரில் பாலம் கட்டுவது. யூனிக், ரெட் டாட் போன்ற பெரிய செதில் பவுடர்கள் .38 தோட்டாவுக்கான குறுகிய குழாயில் சிக்கி நிற்கும். ஒரு கூடு காலியாகப் போகும், அடுத்ததில் இரண்டு பங்கும் சேர்ந்து விழும். அதனால் ஒரு வெற்றுத் தோட்டா கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியில் இரட்டைத் தோட்டா ஒன்று இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அந்த நாளில் செய்த முழுத் தொகுதியையும் ஒதுக்கிவையுங்கள். எடை போட்டுப் பிரிக்கலாம் என்பது இங்கே உதவாது. கூடு, குண்டு இவற்றின் எடை மாறுபாடே பவுடரின் எடையை விழுங்கிவிடும். குண்டு பிடுங்கும் சுத்தியலால் பிரித்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

இரட்டைப் பவுடர் சந்தேகம்

டைட்குரூப் போன்ற அடர்த்தியான வேகப் பவுடர் .45 கோல்ட் கூட்டில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது. மூன்று முறைகூட அடங்கும். அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ .45 கோல்ட்டுக்கு வைத்த உச்ச அழுத்தம் 14,000 பிஎஸ்ஐதான் (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு). இரட்டைப் பவுடர் அதை எங்கோ தாண்டும், சிலிண்டரின் மேல்பகுதி பெயர்ந்து பறக்கும்.

கையால் சுற்றும் தட்டுள்ள, தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் பாதியில் எழுந்து போவதும், ப்ரைமர் சிக்கியதால் கைப்பிடியை மறுபடி இழுப்பதும்தான் வழக்கமான வாசல்கள். இடையூறு வந்தால் எல்லாக் கூடுகளையும் கழற்றி, பவுடரைக் கொட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள். குண்டு வைக்கும் நிலையில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கொளி விழ வேண்டும். பத்து ரூபாய் எல்ஈடி விளக்கு இங்கே விலையுயர்ந்த கருவியைவிடப் பயன்படும். மட்டம் காட்டும் பவுடர் செக் டை (டை என்பது பிரஸ்ஸில் பொருத்தும் அச்சு), அளவு பிசகினால் பிரஸ்ஸையே பூட்டும் லாக்-அவுட் டை இரண்டும் நல்லவை, கண்ணுக்கு மாற்று அல்ல. டிரெயில் பாஸ் பவுடர் கௌபாய்க்காரர்களிடம் பேர் வாங்கியதற்குக் காரணமும் இதுவே: நடுவில் ஓட்டை உள்ள வளையத் துகள்கள் கூட்டை நிறைப்பதால் இரட்டையாகப் போட்டால் வழிந்துவிடும். குண்டால் அழுத்தி அந்தத் துகள்களை நசுக்கக் கூடாது, நசுங்கினால் எரியும் வேகம் மாறி அழுத்தம் எகிறும். அது கடைகளில் கிடைப்பது அரிதான பின், பலர் வேறு பவுடருக்குப் போயிருக்கிறார்கள். மாறும்போது பழைய அளவையும் பழைய நம்பிக்கையையும் கூடவே எடுத்துப்போக வேண்டாம்.

கூட்டின் பக்கமெல்லாம் கரி, முகத்தில் புகை

கூடு போதிய அழுத்தம் கிடைக்காமல் விரியவில்லை. வாயு பின்னால் கசிகிறது. சுட்ட கூட்டில் வாயிலிருந்து கால்பங்கு நீளம் வரை கரி இருந்தால் கவலை இல்லை. விளிம்பு வரை கரி ஓடியிருந்தால் சரிசெய்ய வேண்டும். லீவர் ரைபிளில் இந்தக் கரி போல்ட்டுக்குள்ளும், தோட்டாவை மேலே ஏற்றித்தரும் கேரியருக்குள்ளும் படிந்து அடுத்த தகராறுகளைப் பெற்றுப்போடும்.

வரிசையாக இப்படி முயலுங்கள். முதலில் கிரிம்ப்பைக் கூட்டுங்கள், செலவில்லாத வைத்தியம். போதவில்லையென்றால் அட்டவணைக்குள்ளேயே பவுடரைச் சிறிது ஏற்றுங்கள். பிறகு குண்டின் எடை: .45-இல் 160 கிரெய்ன் குண்டு போட்டு உதையைக் கொல்வதைவிட 200 கிரெய்னை மெதுவாக அனுப்பினால் அழுத்தம் நன்றாக எழும். அடுத்தது கூட்டின் வாய்ப்பகுதியைப் பதப்படுத்துவது. பல முறை சுட்ட பித்தளை கெட்டியாகி விரிய மறுக்கும். வாயை மட்டும் சூடேற்றி மென்மையாக்கினால் அடைப்பு திரும்பும். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது, அங்கே மென்மையானால் கூடு பாழ்.

கரியே பிடிக்கவில்லை என்பவர்களுக்கு .44-40 சிறந்த தோட்டா. அதன் கழுத்துச் சுவர் .45 கோல்ட்டைவிட மெல்லியது, குறைந்த அழுத்தத்திலேயே அறையை அடைத்துக்கொள்ளும். அந்த மெல்லிய சுவருக்கு வேறு விலை உண்டு, கீழே வருகிறது. .45-ஐ விட மனமில்லாதவர்களுக்கு .45 கௌபாய் ஸ்பெஷல் இருக்கிறது: .45 கோல்ட்டின் விளிம்பு, நீளம் சுமார் 0.9 இன்ச். காலியிடம் குறைவதால் அதே மெல்லிய உதையில் சுத்தமாக எரியும். ரைபிளில் அதை ஓட்டக் கேரியரை மாற்ற வேண்டிவரும்.

குழலிலும் லீவர் பொறியிலும் எரியாத செதில்கள்

பவுடரைத் திட்டுவதற்கு முன் குண்டு நுழையக் கூட்டு வாயை விரிக்கும் விரிப்பு முளையை மைக்ரோமீட்டரால் அளவிடுங்கள். 0.452 இன்ச் ஈயக் குண்டுக்கு முளை 0.450-க்கு மேல் இருந்தால் கூடு குண்டைப் பிடிக்காது. ப்ரைமர் தட்டிய வேகத்திலேயே குண்டு நகர்ந்துவிடும், பவுடர் எரிய நேரம் கிடைக்காது. சோதிக்க: ப்ரைமரும் பவுடரும் இல்லாத, கிரிம்ப் போடாத ஒரு போலித் தோட்டாவின் குண்டை மேசை விளிம்பில் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். உள்ளே போனால் முளையைத் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அதற்குப் பின்பும் செதில் இருந்தால் ஒரு படி வேகமான பவுடருக்குப் போங்கள்.

மெதுவாக எரியும் மேக்னம் பவுடரைப் பாதியாக்கி மெல்லிய தோட்டா செய்யும் எண்ணம் ஒரு போதும் வேண்டாம். எச் 110 என்னும் அத்தகைய பவுடரை அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது.

ஒரே பெட்டியில் ஒன்று ஓங்கி அடிக்கிறது, ஒன்று சோர்ந்து போகிறது

காலியிடத்தில் பவுடர் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறுகிறது. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் கால் மணியில் உறுதிசெய்யலாம். ஐந்து தோட்டாக்களை, ஒவ்வொன்றுக்கும் முன் குழலைப் பாதுகாப்பாக மேல்நோக்கி உயர்த்தி மெல்ல இறக்கிச் சுடுங்கள். பவுடர் ப்ரைமர் பக்கம் கிடக்கும். இன்னொரு ஐந்தைத் தரைநோக்கித் தாழ்த்தி மெல்ல உயர்த்திச் சுடுங்கள். இப்போது பவுடர் குண்டுப் பக்கம். இரண்டு சராசரிகளுக்கும் வித்தியாசம் 100 அடியை நெருங்கினால் அந்தப் பவுடர் அந்தக் கூட்டுக்கு ஒத்துவரவில்லை. உறையிலிருந்து எடுக்கும் ரிவால்வரில் பவுடர் எப்போதும் குண்டுப் பக்கம் கிடப்பதால், சோர்ந்த பக்கத்து எண்ணை வைத்தே பவர் ஃபாக்டர் கணக்குப் போடுங்கள். காலியிடத்தைப் பஞ்சு வைத்து அடைப்பது பழைய தந்திரம். அட்டவணையில் சொல்லப்படாத இடத்தில் செய்யாதீர்கள், அழுத்தம் கணக்கில் அடங்காமல் போகும்.

சிலிண்டர் சுற்றவில்லை

சுடுவதற்கு முன்பே பிடித்தால் ப்ரைமர் உயர்ந்திருக்கிறது. விரலால் தடவினால் அடிப்பாகத்தின் மட்டத்துக்குக் கீழே, 0.003 முதல் 0.005 இன்ச் பள்ளம் உணரப்பட வேண்டும். ப்ரைமர் குழியில் சேர்ந்த கரியைச் சுரண்டுங்கள். உயிருள்ள தோட்டாவின் ப்ரைமரை மறுபடி அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிரித்துவிட்டுச் செய்யுங்கள்.

சுட்ட பிறகு பிடித்தால் கதை வேறு. ப்ரைமர் வெடிக்கும்போது தன்னையே பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். இயல்பான அழுத்தத்தில் கூடும் பின்னோக்கி வந்து ப்ரைமரை மறுபடி குழிக்குள் உட்காரவைக்கும். அழுத்தம் போதாவிட்டால் கூடு நகராது, ப்ரைமர் துருத்தியபடியே நின்று பின்தகட்டில் உரசும். துருத்திய ப்ரைமரைப் பார்த்து "அழுத்தம் அதிகம்" என்று பவுடரைக் குறைப்பவர்கள் நோயை வளர்க்கிறார்கள். அட்டவணைக்குள் சற்று ஏற்றுங்கள். பவுடர் இல்லாமல் ப்ரைமரால் மட்டும் மெழுகுக் குண்டு சுடுபவர்கள் செய்வதுபோல ப்ரைமர் துளையைப் பெரிதாக்கவே கூடாது. அந்தக் கூடு என்றாவது முழுப் பவுடரோடு துப்பாக்கிக்குள் போய்விடும்.

கிளிக் மட்டும்

அரை நிமிடம் காத்திருங்கள். இரண்டாம் தட்டில் வெடித்தால் ப்ரைமர் அடிவரை உட்காரவில்லை: முதல் தட்டு உட்காரவைத்தது, இரண்டாவது வெடிக்கவைத்தது. இரண்டாம் தட்டிலும் வெடிக்காமல் குழி ஆழமற்று இருந்தால் சுத்தியல் வில் மெலிந்திருக்கிறது. கௌபாய் துப்பாக்கிகளில் வில்லை இளக்குவது வாடிக்கை. அப்படி இளக்கியவர்கள் ஃபெடரல் ப்ரைமரைத் தேடிப்போவது அது மென்மையானது என்பதால். சிசிஐ நிறுவன ப்ரைமருக்கு இன்னும் பலமான அடி வேண்டும்.

லீவர் பாதியில் நிற்கிறது

1873 மாதிரி வின்செஸ்டரிலும் அதன் இத்தாலிய நகல்களிலும் தோட்டாவின் நீளம்தான் எல்லாம். கேரியர் என்னும் கட்டையில் உட்காரும் தோட்டாவே, பின்னால் காத்திருக்கும் தோட்டாவை மேகசின் குழாய்க்குள் தடுத்து நிறுத்துகிறது. தோட்டா நீளமானால் அதன் மூக்கு மேகசின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும், கேரியர் எழாது. குட்டையானால் அடுத்த தோட்டாவின் விளிம்பு கட்டைக்குள் எட்டிப்பார்க்கும், கேரியர் மறுபடியும் சிக்கும். .45 கோல்ட்டின் உச்ச நீளம் 1.600 இன்ச், .38 ஸ்பெஷலுக்கு 1.550. உதையைக் குறைக்க 105 கிரெய்ன் குட்டைக் குண்டை .38 கூட்டில் ஆழமாக உட்காரவைப்பவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம். நீளமான மூக்குள்ள 125 கிரெய்னுக்குப் போவதோ, .357 கூட்டில் நிரப்புவதோ வழி. .357 கூடு 1.290 இன்ச் நீளம், .38-ஐவிட இடம் கூட. அதனால் .38-க்கான பவுடர் அளவை அப்படியே கொட்டாமல் .357 அட்டவணையைப் பாருங்கள்.

ப்ரைமரும் பவுடரும் இல்லாத பத்துப் போலித் தோட்டாக்களை வெவ்வேறு நீளத்தில் செய்து, லீவரை முதலில் மெதுவாக, பிறகு போட்டி வேகத்தில் ஓட்டுங்கள். தடங்கல் இல்லாத நீளத்தைக் குறித்து, உட்காரவைக்கும் டையை அதற்குப் பூட்டுங்கள். குண்டின் மூக்கு தட்டையாகவே இருக்கட்டும்: குழாய் மேகசினில் ஒவ்வொரு மூக்கும் முன்னால் உள்ள தோட்டாவின் ப்ரைமர் மேல் சாய்ந்திருக்கிறது.

தோட்டா அறைக்குள் போகவில்லை, தோளில் மடிப்பு

உட்காரவைப்பதும் கிரிம்ப் போடுவதும் ஒரே டையில் நடந்தால், கிரிம்ப் பித்தளையைக் கடித்த பிறகும் குண்டு இறங்கிக்கொண்டிருக்கும். .45-இன் தடித்த சுவர் தாங்கிக்கொள்ளும். .44-40-இன் கழுத்து நசுங்கித் தோளுக்கு மேல் சுருக்கம் விழும். இரண்டு வேலைகளையும் இரண்டு டைகளில் பிரியுங்கள். கூடுகளின் நீளம் ஒன்றாக இல்லாவிட்டால் நீளமானவற்றில் கிரிம்ப் அதிகமாகி அதே மடிப்பு வரும். கிரிம்ப், குண்டின் பள்ளத்துக்குள்ளே மடிய வேண்டும், ஈயத்தைக் கடிக்கக் கூடாது. முடித்த தோட்டாவை, அறையின் அளவுக்குச் செய்த கேஜில் அல்லது கழற்றிய சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். தானாக விழ வேண்டும்.

குழலில் ஈயம் படிகிறது

கெட்டியான குண்டு வாங்கினால் ஈயம் படியாது என்று கடைக்காரர் சொல்வார். மெல்லிய தோட்டாவில் நேர்மாறு. குண்டு அடியில் விரிந்து குழலை அடைக்க வேண்டிய அழுத்தத்தைத் தோராயமாகக் கணக்கிட, ஈயம் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் பிரினெல் கடின எண்ணை 1422-ஆல் பெருக்குவார்கள். கடினம் 18 என்றால் 25,600 பிஎஸ்ஐ; .45 கோல்ட்டின் உச்சமே 14,000. அந்தக் குண்டு விரியவே போவதில்லை, வாயு பக்கவாட்டில் சீறி ஈயத்தை உருக்கிப் பூசும். கடினம் 8 முதல் 12 வரை உள்ள குண்டே பொருத்தம்.

அளவு அதைவிட முக்கியம். சிலிண்டர் வாயில் குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள்: லேசான எதிர்ப்போடு போவது சரி, தொப்பென்று விழுந்தால் குண்டு சிறியது. பழைய .45 துப்பாக்கிகள் சிலவற்றின் குழலுக்கு 0.454 இன்ச் வேண்டியிருக்கும். பாலிமர் பூச்சுக் குண்டு புகையையும் ஈயத்தையும் குறைக்கும், போட்டியிலும் செல்லும். செப்பு உறை, செப்புப் பூச்சு, கேஸ் செக் (குண்டின் அடியில் மாட்டும் உலோகத் தொப்பி) செல்லாது. கூட்டு வாயைப் போதுமான அளவு விரிக்காவிட்டால் பூச்சு சீவப்பட்டு வளையமாக உதிரும், பிறகு பூச்சின் பலன் இல்லை. விதி அனுமதித்திருந்தாலும் செப்பு உறைக் குண்டை இந்த வேகத்தில் சுடக் கூடாது, உராய்வு அதிகமாகிக் குழலில் நிற்கும்.

குறி வைத்த இடத்துக்குக் கீழே அடிக்கிறது

இலகுவான குண்டில் உதை குறைவதால், குண்டு வெளியேறுவதற்குள் குழல் குறைவாகவே மேலெழும். அடி தாழ்ந்து விழும். நிலையான பார்வை உள்ள ரிவால்வரில் முன்பார்வையை அரத்தால் குறைத்தால் அடி உயரும். எவ்வளவு என்று கணக்கிட, தாழ்ந்த அளவைப் பார்வைகளுக்கு இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். பார்வைத் தூரம் 6 இன்ச், இலக்கு 10 கெஜம், அதாவது 360 இன்ச். அடி 3 இன்ச் தாழ்ந்தால் 0.05 இன்ச் குறைக்க வேண்டும். முதல் நாளில் அதில் பாதியை மட்டும் அராவுங்கள். குண்டின் எடையை இறுதியாக முடிவுசெய்யும் வரை அரத்தைக் கையில் எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.